எந்த வயதுக்கு எந்தப் படம்

நீங்கள் மூவரும் சேர்ந்து தயாரித்த அட்டவணை கிடைத்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள் என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. கோடெல்லாம் நேராக இருக்கிறது. இடப்பக்கம் வயது, வலப்பக்கம் படம். மூன்று முதல் ஆறு வயதுவரை மிருகங்கள் வரும் படம், ஏழு முதல் பன்னிரண்டுவரை சாகசம், அதற்குமேல் நட்பு, பிறகு காதல், பிறகு குடும்பம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ‘அமைதியான, சிந்தனைக்குரிய படங்கள்’. நான் அறுபதைத் தாண்டி இரண்டு வருடமாகிறது. எனக்கு என்ன படம் போட உத்தேசித்திருக்கிறீர்கள் என்று அறிந்துகொண்டேன். தயவுசெய்து போடாதீர்கள்.

கோபமில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதம் நானும் இதே அட்டவணையைத்தான் போட்டேன். என் கோடுகள் கோணல், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் இதை எழுதுகிறேன். புரொஜெக்டரை எங்கே வைப்பது, திரையை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பது. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள எனக்கு மிக நீண்ட காலம் எடுத்தது.

நம் வேலையை வெளியே யாருக்காவது விளங்கப்படுத்துவதே ஒரு வேலை. ஒரு வேன், ஒரு வெள்ளைத் திரை, ஒரு புரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் உள்ள ஊர்களுக்குப் போய், பாடசாலையிலோ மண்டபத்திலோ பிறநாட்டு நல்ல படங்களைக் காட்டுகிறோம். படத்தில் பேசுவது யாருக்கும் விளங்காது. ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வரவர அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். இருபது வருடங்களுக்கு மேலாக அந்த ஒருவராக இருந்தது நான்தான்.

கிறிஸ்தவ ஆலயத்தில் வேதாகமம் வாசிக்கிற பிள்ளை என்பதால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. நல்ல குரல் என்று ஊரே சொல்லும். எனக்கும் அது தெரியும். அதுதான் வில்லங்கம். குரல் நல்லதென்று தெரிந்தவளின் கையில் மைக்கையும் கொடுத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒரு படத்தில் பத்து வசனம் இருந்தால் நான் முப்பது சொல்வேன்.

அட்டவணைக்கு வருவோம். என் முதல் வருடத்தில் பட்டணத்திலே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். அட்டவணைப்படி அமைதியான, சிந்தனைக்குரிய படம். ஒரு வயோதிபர் குளக்கரையில் உட்கார்ந்து இலை உதிர்வதைப் பார்க்கிறார். பிறகும் பார்க்கிறார். நான் மிக உருக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். கால் மணித்தியாலம் போனதும் முன்னால் இருந்த ஓர் அம்மா கையை உயர்த்தினார்.

“புள்ள, கிழடுகளத்தான் நாங்க விடிஞ்சாப் பொழுதுபட்டாப் பாக்கிறமே. வேற ஒண்டும் கொண்டு வரல்லியா கா?”

வேனில் இன்னொரு படம் இருந்தது. அடுத்த நாள் காலையில் ஒரு முன்பள்ளியில் போடுவதற்கானது. தாயைத் தொலைத்த ஒரு வாத்துக்குஞ்சு, ஒரு பொலிஸ்காரரின் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடித்திரியும் கதை. வேறு வழியில்லாமல் அதைப் போட்டோம். அந்த இல்லத்தில் அன்று எழுந்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு ஐயாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலெடுத்து, தாதி ஓடிவந்தபோது, தள்ளி நில், மறைக்கிறாய் என்று அவர் தாதிக்குச் சைகை காட்டினார். அடுத்த நாள் அதே படத்தை முன்பள்ளியில் போட்டபோது, நான்கு வயதுப் பிள்ளையொன்று தொடக்கம் முதல் கடைசிவரை தேம்பித் தேம்பி அழுதது. வாத்துக்கு அம்மா இல்லையாம். அட்டவணையின்படி அந்தப் பிள்ளை சிரித்திருக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? அட்டவணையைக் கிழித்துப் போடவில்லை. புது அட்டவணை போட்டேன். என் மண்டை அப்படிப்பட்டது.

இப்போது உங்களுக்குச் சொல்ல வந்த கதை. அது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. அதாவது, எனக்கு எல்லாம் தெரியும் என்று நானும் மற்றவர்களும் முடிவு செய்திருந்த காலம்.

கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவே ஓர் ஊர். அந்த ஊர் முன்பள்ளி ஆசிரியை யசோ எங்களைத் தேடிப் பட்டணத்துக்கே வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். ஊரில் ஒரு பொது மண்டபம் இருக்கிறதாம், பெயர்தான் பொது மண்டபம், உள்ளே பாதிக்கு மேல் உர மூடையும் விதைநெல் மூடையும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அதைத் திறந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் படம் காட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஒரு வருடமாக அதற்காக அலைந்திருக்கிறாள்.

“வீட்டுக்குள்ளயே ஆளுக்கொரு மூலையில போனோட இருக்காங்க மிஸ். பிள்ளைகளுக்கு அடுத்த வளவில இருக்கிற ஆளையே தெரியா. ஒரு நாளைக்கு எல்லாரும் ஒண்டா இருந்து ஒண்டப் பாத்தாப் போதும் எனக்கு.”

மண்டபத்தைக் கொடுக்க மறுப்பவர் ஊர்ச் சங்கத் தலைவர். அந்தத் தலைவர் யசோவின் அப்பா.

“அப்பாவிடம் நீங்களே கேட்கலாமே?” என்றேன்.

“கேக்காம இருப்பனா மிஸ்? ஒரு ஞாயிறு மட்டும் தாறன் எண்டிருக்காரு. பிள்ளைகள் குழப்படி செய்தா, இல்லாட்டிப் பெரியாக்கள் நடுவில எழும்பிப் போனா, அதோட சரியாம். மறுகா நான் மண்டபத்தப் பத்திப் பறையவே கூடாதாம்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“ஓம் எண்டுட்டன்.” சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஆனால் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் சிரிக்கவில்லை.

நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். என்னிடம் விட்டுவிடு என்றேன். அந்த வாக்கியத்தை இந்தத் தொழிலில் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

படத்தை நானே தெரிவு செய்தேன். ஏதோ ஒரு மலைநாட்டுக் கதை. வறுமைப்பட்ட ஒரு தகப்பன், தன் வளர்ந்த மகளையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு, வீட்டிலிருந்த ஒரே பசுவைச் சந்தையில் விற்க மூன்று மலை தாண்டி நடக்கிறான். பசு நடக்க மாட்டேன் என்கிறது. நடுத்தெருவில் உட்காருகிறது. பலகைப் பாலத்தைக் கண்டால் நிற்கிறது. பாண்காரனின் ரொட்டிக் கூடைக்குள் தலையைப் போடுகிறது. வழிநெடுக ஒரு சைக்கிள்காரப் பொடியன் மூத்த மகளைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்கிறான். கடைசியில் பசு தெருவோரத்தில் படுத்துவிடுகிறது. அப்போதுதான் அது சினைமாடு என்று தெரியவருகிறது. கன்று பிறக்கிறது. விற்க மனமில்லாமல் எல்லாரும் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அவ்வளவுதான் கதை. விவசாய ஊருக்குப் பசு, பிள்ளைகளுக்குச் சிரிப்பு, பெரியவர்களுக்குக் குடும்பம். என் அட்டவணையின் எல்லாப் பெட்டியும் நிரம்பியது.

வசனங்களை ஒரு கொப்பியில் எழுதி ஒரு கிழமை பயிற்சி செய்தேன். பசு ஒவ்வொரு முறை உட்காரும்போதும் சொல்லவென்று ஒவ்வொரு பகிடி. ‘பிடிவாதக்காரி’ என்று பசுவுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தேன். எனக்கே அது மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் வேனை ஓட்டுபவரும் புரொஜெக்டரை இயக்குபவரும் ஒருவரே. ஏறாவூர்க்காரர். பெயரைப் போட்டு எழுதினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதனால் அவருடைய ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிறபடி நானா என்றே சொல்கிறேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவரிடமிருந்து வந்தது. ஆனால் அவர் எதையும் கற்பிக்கிற ஆள் இல்லை. வேனில் போகும்போது என் கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“இவ்வளவும் நீ பறையப் போறியா புள்ள?”

“ஓம் நானா.”

“மாடு எப்ப பறையும்?”

நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மாரி காலம், வெளியே மேகம் இருண்டு கிடந்தது. நானா யன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்தார். யசோ வீட்டுக்கு வீடு போய்க் கூப்பிட்டிருந்தாள் போலும், ஊரே வந்திருந்தது. முன்னால் பாயில் சின்னதுகள். அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு கதிரைகளில் தாய்மார். இளசுகள் இரண்டு பக்கச் சுவரிலும் சாய்ந்து நின்றார்கள், ஆண்கள் ஒரு சுவர், பெண்கள் ஒரு சுவர். கதிரை போதாததால் வயதானவர்கள் எல்லாரும் பின்னால், மூடைகளின் மேல். ஆக உயரமான மூடையில் யசோவின் அப்பா, கைகளைக் கட்டிக்கொண்டு. ஒரு வட்டை வயலும் ஒரு பட்டி மாடும் உள்ள மனிதர். வழக்கு விசாரிக்க வந்தவர்போல் இருந்தார்.

படம் தொடங்கியது. என் குரல் அன்று நன்றாகத்தான் இருந்தது. பசு முதல் தடவை தெருவில் உட்கார்ந்ததும், “பாருங்கள், பிடிவாதக்காரி இருந்திட்டா” என்றேன். பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. இரண்டாம் தடவை உட்கார்ந்தபோது இன்னும் பெரிய பகிடி சொன்னேன். மூடைகளின் மேல் தலைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. “என்னத்தப் பறையிறா இவ” என்று ஒரு குரல் தெளிவாகவே வந்தது.

பெரியவர்களுக்கு அலுக்கிறது என்று நினைத்தேன். அலுத்தால் என்ன செய்வது? குரலைக் கூட்டினேன். பகிடிகளையும் கூட்டினேன். இதைக் கவனியுங்கள் பிள்ளைகளே, பதற்றம் வந்தால் மனிதர் தமக்கு நன்றாக வருவதைத்தான் இன்னும் கூடுதலாகச் செய்வார்கள், அது பொருந்துகிறதா இல்லையா என்று பார்க்க மாட்டார்கள். நான் கூடுதலாகப் பேசினேன். பின்னால் இரண்டு பேர் மூடையிலிருந்து இறங்கினார்கள். ஒருவர் சால்வையை உதறித் தோளில் போட்டார். யசோ கதவோரம் நின்றுகொண்டு அவர்களைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வருடமாக அவள் ஏங்கியதை நான் அரை மணித்தியாலத்தில் பாழாக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது மழை கொட்டியது.

அந்த மண்டபத்துக்குத் தகரக் கூரை. மாரி மழை தகரத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்தும் ஒரு சொல் வெளியே வரவில்லை. மைக்கில் கத்தினேன், எனக்கே என் குரல் கேட்கவில்லை. கரண்ட் போகவில்லை என்பதே அதிசயம். நானாவுக்குக் கையைக் காட்டினேன். அவர் படத்தை நிறுத்தினார். திரையில் பசு நாக்கை நீட்டியபடி அப்படியே நின்றது.

எல்லாத் தலைகளும் திரும்பின. பிள்ளைகள் எழும்பத் தொடங்கினார்கள். சால்வைக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார், வெளியே போக வழியில்லை. யசோ என்னருகே ஓடிவந்து ஏதோ சொன்னாள், உதடு மட்டும் அசைந்தது. நானா இடத்தைவிட்டு வந்து என் காதில் வாயை வைத்துக் கத்தினார்.

“ஓட உடு புள்ள. கேக்காட்டியும் தெரியும்தானே.”

“பேச்சு விளங்காதே நானா!”

“இவ்வளவு நேரமும் விளங்கினதா? பின்னுக்கு இருக்கிறாக்களப் பாரு.”

எனக்குச் சுருக்கென்றது. மறுத்துப் பேச நினைத்தேன், ஆனால் அந்த இரைச்சலில் ரோசம் காட்டவும் முடியாது. மழை விடும்வரை நிறுத்தி வைப்பதா, என் குரல் இல்லாமலே ஓட விடுவதா? நிறுத்தினால் பிள்ளைகள் மண்டபத்தைத் தலைகீழாக்குவார்கள், அது தலைவரின் முதல் நிபந்தனை. ஓடவிட்டால் யாருக்கும் எதுவும் விளங்காது, பெரியவர்கள் மழை விட்டதும் போய்விடுவார்கள், அது இரண்டாவது. உண்மையைச் சொல்கிறேன், என் தயக்கத்துக்குக் காரணம் இந்த இரண்டுமே இல்லை. நான் இல்லாமல் படம் ஓடும் என்பதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். பசுவின் நாக்கு உள்ளே போனது.

எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. குரல் கொடுப்பவர் ஓரக்கண்ணால் பார்க்கலாமே தவிர, திரையைவிட்டு முழுதாகக் கண்ணெடுக்க முடியாது, நடிகரின் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றுதான், அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, திரைக்கு முதுகைக் காட்டிச் சனத்தைப் பார்த்தேன்.

எந்தக் காட்சி ஓடுகிறது என்பது எனக்குப் பார்க்காமலே தெரியும். பாண் காட்சி. தகப்பனிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பாண் துண்டு. அதை இரண்டாக உடைத்து மகளுக்கும் மகனுக்கும் கொடுக்கிறான். பிள்ளைகள் கேட்கக்கூடாதென்று தானும் சாப்பிடுவதுபோல் வெறும் வாயை அசைபோடுகிறான். கொப்பியில் அந்த இடத்துக்கு நான் எழுதி வைத்திருந்தது, ‘பாவம் அப்பா, பட்டினி கிடக்கிறார்’. கண்ணீர் வருமளவுக்கு அதைச் சொல்லிப் பழகியிருந்தேன்.

பாயிலிருந்த சின்னதுகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஒரு பெரிய மனிதர் வெறும் வாயை மெல்லுகிறார், அதைவிடப் பகிடி உலகத்தில் என்ன இருக்கிறது? ஒரு சின்னவன் தானும் அப்படி மென்று காட்டினான், பக்கத்திலிருந்தவள் அவனைப் பார்த்து மென்றாள். அவர்களுக்கு இரண்டு வரிசைக்குப் பின்னால், அதே காட்சியைப் பார்த்த தாய்மார் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே மடியிலிருந்த தன் மகளின் தலையைத் தடவினாள். சுவரோர இளசுகள் தகப்பனைப் பார்க்கவேயில்லை. அவர்களுடைய கண்ணெல்லாம் திரையின் ஒரு மூலையில், தூரத்தில் சைக்கிளோடு நின்ற பொடியனிலும், பாணைக் கடிக்காமல் அவனையே பார்த்த மகளிலும். ஒரு சுவர் மற்றச் சுவரைப் பார்ப்பதும் இருந்தது, அதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். மூடைகளின் மேலிருந்தவர்கள் தகப்பனையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது காட்சியின் பின்பக்கத்தில் சும்மா நிற்கிறது. ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் தன் விலாவைத் தடவி ஏதோ காட்டினார். மற்றவர் ஆமோதித்துத் தலையாட்டினார்.

ஒரே காட்சி. நான் மட்டும் பேசியிருந்தால் எல்லாருக்கும் ஒரே படமாக்கியிருப்பேன். பிள்ளைகளின் சிரிப்பைக் கெடுத்திருப்பேன், தாய்மார் தாமாகக் கண்டதை அவர்களுக்கு நானே ஊட்டியிருப்பேன். மைக் என் கையில் சும்மா கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. ஏனென்று சொல்லத் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே நின்றேன்.

பலகைப் பாலக் காட்சி வந்தது. தகப்பன் கம்பை எடுத்துப் பசுவை அடிக்கிறான். தலைவர் மூடையிலிருந்து இறங்கினார். சரி, போகப் போகிறார் என்று நினைத்தேன். யசோவும் அப்படித்தான் நினைத்தாள், அவள் கதவைவிட்டு விலகி வழிவிட்டதைப் பார்த்தேன். அவர் கதவுப் பக்கம் போகவில்லை. கதிரைகளைக் கடந்து, முன்னால் வந்து, பாயின் ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார். பின்னாலிருந்து கண் தெரியவில்லைபோலும். சால்வைக்காரரும் வந்தார். ஒருவர் பின் ஒருவராக மூடைகள் காலியாகின.

அந்த மழை வந்ததுபோலவே நின்றது. மண்டபம் திடீரென்று ஓய்ந்துவிட்டது. திரையில் பசு தெருவோரத்தில் படுத்துக் கிடந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கொப்பியில் அடுத்த வரி, ‘ஐயோ, பிடிவாதக்காரிக்கு என்ன நடந்தது?’ பழக்கதோஷம், மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன்.

“அதுக்கு ஒண்டும் நடக்கல்ல,” என்றார் தலைவர், நான் இன்னும் எதுவும் சொல்வதற்கு முன்பே. “கண்டு போடப் போகுது. தொடக்கத்திலேயே கண்டனான். நடையில தெரியுது, விலாவில தெரியுது. அந்த விசரன் சினைமாட்ட மலை ஏத்துறான். இவ என்னடா எண்டாப் பிடிவாதம் எண்டுறா.”

இவ என்றது என்னை. மண்டபமே சிரித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னாலிருந்தவர்களுக்கு அலுக்கவில்லை. பிறந்ததிலிருந்து மாட்டோடு வாழ்ந்தவர்களின் முன்னால் நின்றுகொண்டு, ஒரு சினைமாட்டை அரை மணித்தியாலமாக நான் நையாண்டி செய்திருக்கிறேன். படத்தின் கடைசி முடிச்சு அவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே அவிழ்ந்துவிட்டது. எழும்பிப் போகப் பார்த்தது படத்தினாலல்ல, என்னால்.

கையில் மைக் இருக்கிறது. கொப்பியில் இன்னும் நான்கு பக்கம் இருக்கிறது. மைக்கைத் தலைவரிடம் நீட்டினேன். “நீங்களே சொல்லுங்கள்” என்றேன்.

“எனக்கென்னத்துக்கு அது?” என்றார். சரிதான். வயல் வட்டையின் அந்தக் கடைசித் தொங்கலில் நிற்கிற மாட்டைக் கூப்பிடுகிற குரல் அது. நான் மைக்கை நிறுத்தி மேசையில் வைத்தேன்.

“தாத்தா, அதுக்கு நோகுதா?” என்று பாயிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“நோகும்தான் கிளி. சத்தம் போடாமப் பாரு. அதுக்குச் சத்தம் ஒத்து வராது.” அறுபது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. திரையில் தகப்பன் பதறிப்போய்ப் பசுவின் பின்னால் குனிந்து கையை நீட்டினான். “இழுக்காதடா,” என்றார் தலைவர் திரையைப் பார்த்து. “விடு. அது தன்ட பாட்டுக்குப் போடும். விடுடா எண்டுறன்.”

திரையிலிருந்தவன் கையை எடுத்தான். எங்கோ ஒரு மலைநாட்டில் நின்றுகொண்டு அவன் இந்தத் தலைவருக்குப் பயந்துவிட்டான் என்று ஊரே நம்பியது. அப்போது எழுந்த ஆரவாரத்தில் கூரை இன்னொருமுறை அதிர்ந்தது.

கன்று வந்தது. எழும்பியது, விழுந்தது, மறுபடி எழும்பியது. அந்த இடத்தில் மட்டும் பாயும் கதிரையும் சுவரும் எல்லாம் ஒன்றாகச் சிரித்தன. நானும் சிரித்தேன், கண்ணையும் துடைத்துக்கொண்டேன். நானா புரொஜெக்டருக்குப் பின்னால் நின்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மிகவும் மகிழ்ந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

நானா துணிகளை நீக்கினார். வெளிச்சம் வந்ததும் தலைவர் தாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். பிள்ளைகளுக்கு நடுவில், சாரத்தின் ஓரத்தை ஒரு சின்னவன் பிடித்துக்கொண்டிருக்க நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மிஸ், இந்தப் படத்த எடுத்தவனுக்கு மாட்டப் பத்தித் தெரியா.”

“அப்படித்தான் தெரிகிறது, ஐயா. எனக்கும் தெரியவில்லை.”

அதை எதிர்பார்க்கவில்லைபோலும், கொஞ்சம் இளகினார். “அந்தப் பாலத்தில அவன் என்ன செய்தவன் எண்டு எனக்கு வடிவாத் தெரியல்ல. இந்தப் பொடியன்மார் மறைச்சிட்டாங்க. அத மறுகா ஒருக்காப் பாக்கணும்.”

யசோ அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். “எப்ப அப்பா?” என்றாள், மிக மெதுவாக.

“வாற ஞாயிறு.”

“அப்ப மூடை?”

“மூடைய நான் எடுப்பிக்கிறன். மூடையில இருந்து படம் பாக்க ஏலுமா கா, முதுகு நோகுது.” இடுப்பிலிருந்த நூலை அவிழ்த்து மண்டபத்துப் பூட்டின் திறப்பை எடுத்து, அவளைப் பார்க்காமலே நீட்டினார். “பூட்டிட்டு வா. உன்னட்டயே கிடக்கட்டும். ஒவ்வொரு ஞாயிறும் என்னத் தேடிக்கொண்டு வராத.”

சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார். பிள்ளைகள் மாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே அவர் பின்னால் ஓடின. யசோ திறப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “மிஸ், அப்பா திறப்பத் தந்திட்டாரு,” என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் இன்னொருமுறை சொன்னாள்.

திரும்பும் வழியில் மண்முனைப் பாலத்தில் ஏறியபோது நானா சொன்னார், “இண்டைக்கு ஒன்ட குரல் நல்லா இருந்திச்சி புள்ள. அந்தக் கடைசி அரை மணித்தியாலம்.” மட்டக்களப்பு வரும்வரை சிரித்தோம்.

அதற்குப் பிறகு நான் குறைவாகப் பேசினேன். பேச்சில்லாமல் விளங்காத இடத்தில் மட்டும் பேசினேன். அப்படிப் பார்த்தால் நல்ல படத்தில் அந்த இடங்கள் மிகக் கொஞ்சம். மனதுக்கு இதமான படமொன்று எல்லா வயதுக்கும் பிடிக்கிறதென்றால், எல்லாரும் ஒரே விடயத்தை ரசிக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். அவரவர் உட்கார அதில் அவரவருக்கு இடமிருக்கிறது. ஆகவே படத்தை எடுத்துப் பார்க்கும்போது, இது எந்த வயதுக்கு என்று கேட்காதீர்கள். பாயிலிருப்பவருக்கும் மூடையிலிருப்பவருக்கும் இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஆளுக்கொன்று இருந்தால் கொண்டுபோங்கள். மழை வந்தாலும் பயமில்லை.

அந்த ஊர் அடுத்த மாதம் உங்கள் முறையில் வருகிறது. யசோதான் மண்டபத்தைத் திறப்பாள். தலைவர் வாசலிலேயே உங்களை மறித்து, படத்தில் மாடு வருகிறதா என்று கேட்பார். வரவில்லையென்றால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கும், ஆனால் போக மாட்டார். நேரே முன்னால் போய்ச் சின்னதுகளுக்கு நடுவே சப்பாணி கட்டி உட்கார்ந்துகொள்வார். எத்தனை பிள்ளைகள் வந்து நெருக்கியடித்தாலும், பாயில் அவருக்கென்று ஓர் இடத்தை யசோ விட்டுவைத்திருப்பாள்.